மண் குழைக்கவும் ஒரு படிப்பா?

முற்றத்துக் கதை – மாதாந்தப் பகுதி



வில்லியே லே பெல்லிலிருந்து ஒரு தாய் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் போடவில்லை. மகன் இங்கே பிறந்தவன். இந்த முறை பாக் சோதனை பாஸ் பண்ணிவிட்டான். கோடை விடுமுறையில் ஏதாவது கடையிலோ றெஸ்ரோறன்ரிலோ வேலைக்குப் போவான், கையில் நாலு காசு சேரும் என்று வீட்டில் நினைத்திருக்க, அவனோ தெற்கே ஒரு கிராமத்துப் பண்ணைக்குப் போய் மூன்று கிழமை தங்கப் போகிறானாம். அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடிச் சமைத்து, கூடித் தோட்டம் செய்து, களிமண்ணாலும் வைக்கோலாலும் வீடு கட்டப் பழகுகிறார்களாம். அதற்குக் கட்டணமும் உண்டாம்.

"நாங்கள் கடல் கடந்து, பனிக்காடு கடந்து இந்த நாட்டுக்கு வந்தது பிள்ளை மண் மிதிக்கவோ? எங்கடை அம்மா மிதிச்சது போதாதோ? மண் குழைக்கவும் ஒரு படிப்பா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

நியாயமான கேள்வி. இதைப் போல ஒன்று வேறு வீடுகளிலும் நடந்திருக்கும். ஆனபடியால் இந்த மாதப் பகுதி முழுவதையும் இந்தத் தாய்க்கே ஒதுக்குகிறேன். பிள்ளையைப் போக விடுவதா மறிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் பெற்றோர். ஆனால் முடிவெடுக்க முன்னர் சில விசயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

வரிச்சும் தோர்ஷியும்

ஊரில் மண்வீடு எப்படிக் கட்டினோம் என்பது எங்களில் நடுவயதைத் தாண்டிய பலருக்கு நினைவிருக்கும். காட்டுத்தடியில் கப்பு நட்டு, இரண்டு பக்கமும் வரிச்சுக் கட்டி, இடையில் குழைத்த மண்ணை அடைத்து, காய்ந்த பின்னர் வெடிப்பை மூடி மெழுகுவது ஒரு முறை. வரிச்சு இல்லாமல் மண்ணை உருண்டை உருண்டையாக எடுத்து ஒரு முழ உயரத்துக்கு வைத்து, அது இறுகிய பிறகு அடுத்த வரி வைத்து ஏற்றுவது இன்னொரு முறை. புற்றுமண் கிடைத்தால் விசேஷம். வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்தால் சுவர் வெடிக்காது. நிலத்துக்குச் சாணி மெழுக்கு. கூரைக்குக் கிடுகு அல்லது பனையோலை. வன்னிப் பக்கம் என்றால் இலுக்கும் வைக்கோலும்.

பிரெஞ்சுக்காரரின் பாட்டன் பூட்டனும் இதையேதான் செய்தார்கள். பிக்கார்டி, நோர்மண்டிப் பக்கம் மரச்சட்டத்துக்கு இடையில் மண்ணும் வைக்கோலும் அடைத்த பழைய வீடுகளைக் கண்டிருப்பீர்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தோர்ஷி. எங்கள் வரிச்சுச் சுவரின் உடன்பிறப்பு. பிரித்தானிப் பகுதியில் றென் நகரைச் சுற்றி, உருண்டை வைத்து ஏற்றிய மண்சுவர் வீடுகள் ஏராளம். அதற்குப் பெயர் போஜ். லியோன் பக்கம் பலகை அடித்து அதற்குள் ஈரமண்ணைப் போட்டு இடித்து இறுக்குவார்கள். அது பிசே. லியோனைச் சேர்ந்த பிரான்சுவா குவாந்தறோ என்ற கட்டடக்காரர் 1790ஆம், 1791ஆம் ஆண்டுகளில் பாரிசில் இதைப் பற்றி நூல்களை வெளியிட்டார். தீப்பிடிக்காத, மலிவான, ஏழைகளுக்கேற்ற வீடு என்பதுதான் அவர் வாதம். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. மண் குழைக்கவும் ஒரு படிப்பு வேண்டும் என்று அன்றைக்கே சொன்னவர் அவர்.

அப்படியென்றால் இப்போது காசு கட்டி எதைப் படிக்கிறார்கள்? எங்கள் அம்மாமார் கையால் அறிந்திருந்ததைத்தான், காரணத்தோடு படிக்கிறார்கள். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய இரண்டு பரீட்சைகளைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மிச்சத்துக்குத் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயுமாகப் படியும். எது எவ்வளவு என்று கண்ணாலே தெரியும். அடுத்தது, ஈரமண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது. பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் கூட. சப்பையாகி ஒட்டிக்கொண்டால் களி கூட. சில துண்டுகளாக உடைந்தால் சுவருக்கு ஏற்ற மண். அடுக்குமாடி வீட்டுப் பல்கனியில் வைத்துப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.

மண்சுவருக்கு முதல் எதிரி தண்ணீர். காலும் தலையும் நனையாவிட்டால் அது நூறு வருசம் தாண்டியும் நிற்கும். அதனால்தான் ஊரில் உயர்ந்த அத்திவாரமும் இறங்கிய தாழ்வாரமும் வைத்தார்கள். பழைய மண்சுவருக்கு மேலே சீமெந்து பூசுவது கூடாது என்பதும் இங்கே படிப்பிக்கும் ஒரு பாடம். சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். சுவர் உள்ளுக்குள்ளே இளகிவிடும். மண்ணும் சுண்ணாம்பும் பூசினால் சுவர் மூச்சு விடும். இன்னொன்று: மண் வெப்பத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடும், ஆனால் குளிரை மறிக்காது. குளிரை மறிப்பது வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று. ஆகவே இந்த நாட்டுக் குளிருக்கு மண்ணும் வைக்கோலும் சேர வேண்டும். மொந்தார்ஜி நகரில் 1920இல் கட்டிய, வைக்கோல் கட்டுக்களை மரச்சட்டத்துக்குள் அடுக்கிய வீடு ஒன்று இன்றைக்கும் நிற்கிறது. பாரிசிலிருந்து நூறு கிலோமீற்றர் சொச்சம்.

அகதிகள் கட்டிய பண்ணைகள்

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். கூடி வாழும் பண்ணை என்றவுடன் இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறோம். எங்கள் வரலாற்றிலேயே அப்படி ஒரு முயற்சி நடந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கட்டடக்கலைஞர் என்பதையும் பலர் மறந்துவிட்டோம்.

தீவகத்தில் கரம்பொன்னைச் சேர்ந்தவர் எஸ்.ஏ.டேவிட். 1924இல் பிறந்தவர். அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னில் கட்டடக்கலை படித்தவர். கென்யாவில் வேலை செய்தவர். நல்ல சம்பளத்தோடு வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பினார். வவுனியாவில் மனைவியோடு சேர்ந்து வைத்தியம் செய்துகொண்டிருந்த வைத்தியர் இராஜசுந்தரமும் இவரும் 1970களின் நடுப்பகுதியில் காந்தியம் என்ற அமைப்பை உருவாக்கினார்கள்.

அந்த நேரம் மலையகத்தில் நடந்தவற்றை நினைவுபடுத்த வேண்டும். நூறு வருசத்துக்கு மேலாகத் தோட்டத்தில் உழைத்த மக்கள். குடும்பம் முழுவதற்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். பலருக்குக் குடியுரிமையும் இல்லை. 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினி. 1977 ஓகஸ்டில் இனக்கலவரம். 1981இல் மறுபடியும். அடிபட்டு ஓடிய குடும்பங்கள் வடக்கு நோக்கி வந்து வவுனியாவில் இறங்கின.

காந்தியம் அவர்களைக் கொட்டகையில் வைத்துச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கங்களில் நிலம் தேடிக் குடியிருத்தியது. நாவலர் பண்ணை, டொலர் பண்ணை, கென்ற் பண்ணை என்ற பெயர்கள் வயதானவர்களுக்கு ஞாபகம் வரும். பற்றை வெட்டி, கிணறு தோண்டி, குடில் போட்டு, பயிர் வைத்தார்கள். சிறுவர்களுக்குப் பாலர் பாடசாலை, பால், நடமாடும் மருத்துவம். ஊரூராக இளம் பெண்களைத் தெரிந்து தொண்டர்களாகவும் பாலர் ஆசிரியைகளாகவும் பழக்கினார்கள். லயத்துக்குள் பிறந்து லயத்துக்குள் வளர்ந்த ஒருவர், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையால் கட்டிய சுவருக்குள் படுத்து எழும்பினார். அது மண்சுவர்தான், ஓலைக்கூரைதான். ஆனால் துரையோ கங்காணியோ வந்து வெளியேறு என்று சொல்ல முடியாத வீடு என்று அவர் நம்பினார்.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. வன்னியில் நிலம் வைத்திருந்த எங்கள் ஆட்களில் சிலர் அந்த மக்களை மலிவான கூலிகளாகவே பார்த்தார்கள். தோட்டக்காட்டார் என்று ஒதுக்கினார்கள். எல்லைப்புற நிலங்களில் குடியேற்றியதால் ஆபத்தும் முதலில் அவர்களுக்குத்தான் வந்தது. பண்ணை என்றவுடன் சமத்துவம் தானாக முளைத்துவிடாது. அதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைது செய்யப்பட்டார்கள். சித்திரவதைக்குப் பின்னர் வெலிக்கடைச் சிறையில் வைக்கப்பட்டார்கள். அந்தச் சிறையில் யூலை 25ஆம் திகதி 35 பேரும் 27ஆம் திகதி 18 பேரும் கொல்லப்பட்டதை நாங்கள் ஒவ்வொரு வருசமும் நினைவுகூருகிறோம். இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் வைத்தியர் இராஜசுந்தரம். டேவிட் உயிர் தப்பினார். மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1983 செப்ரெம்பரில் நடந்த சிறையுடைப்பில் வெளியேறி இந்தியாவுக்குப் போனார். ஏறக்குறைய 30 வருசம் தமிழ்நாட்டில் அகதியாக வாழ்ந்து, 2015இல் ஊர் திரும்பி, அதே வருசம் ஒக்ரோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

பண்ணைகளுக்கு என்ன நடந்தது? 1983இல் திருகோணமலைப் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்து குடும்பங்களைப் பஸ்சில் ஏற்றிக் கொண்டுபோய் மலைநாட்டில் விட்டார்கள். டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் விரட்டப்பட்டு, 1984இல் அரசாங்கம் சிங்களக் கைதிகளையும் அவர்களின் குடும்பங்களையும் அங்கே இருத்தியது. அந்த வருசம் நவம்பர் 30ஆம் திகதி புலிகள் நடத்திய தாக்குதலில் அங்கிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். காடு வெட்டிக் களனியாக்கிய இடம் இரண்டு பக்கத்து ஏழைகளுக்கும் சுடுகாடாகியது.

இந்தக் கதையில் எனக்குத் தெரிகிற பாடம் ஒன்று உண்டு. மண்ணால் வீடு கட்டுவது இரண்டு மூன்று கிழமை வேலை. அந்த மண்ணில் நிலைத்து நிற்கும் உரிமையைக் கட்டுவதுதான் பெரிய வேலை. காந்தியத்தின் குடில்களை மழை கரைக்கவில்லை, கறையான் அரிக்கவில்லை. காலடி நிலத்தில் இருக்க விடாததால்தான் அவை அழிந்தன. உங்கள் மகன் பண்ணையில் சுவர் எழுப்பப் பழகும்போது, "இந்தக் காணி யாருடையது, இங்கே இருப்பவர்களுக்கு என்ன உரிமை?" என்ற கேள்வியையும் கேட்கப் பழகட்டும். அகதியின் பிள்ளை அதை மறக்கக்கூடாது.

பொருத்து வீடும் பூட்டிய வீடும்

யுத்தம் முடிந்தபின் வடக்குக் கிழக்கில் வீடிழந்தவர்களுக்கு என்ன வீடு என்பது பெரிய வழக்கானது. 2015, 2016இல் கொழும்பு அரசாங்கம் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரப் போவதாக அறிவித்தது. இங்கே பிரான்சிலும் உருக்காலைகள் வைத்திருக்கும் ஆர்செலர் மித்தல் கம்பனிக்கு அந்த வேலை தெரிவாகியது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. எங்கள் சனம் அதற்குப் "பொருத்து வீடு" என்று பெயர் வைத்தது. வெய்யிலுக்கு உள்ளே இருக்கேலாது, திருத்த வேண்டி வந்தால் ஊர் மேசனால் திருத்தேலாது, அந்தக் காசின் பாதியளவிலேயே கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் தமிழ்ப் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். திட்டம் சொன்ன அளவில் நிறைவேறவில்லை.

அந்த வழக்கில் ஒரு முக்கியமான விசயம் மறைந்திருந்தது. ஊர் ஆட்களின் கையால் கட்டி, ஊர் ஆட்களின் கையால் திருத்தக்கூடியதாக இருந்தால்தான் அது எங்கள் வீடு. வெளியிலிருந்து பெட்டியில் வந்து இறங்கினால், பழுதுபடும் அன்றைக்கு நாங்கள் கைகட்டி நிற்க வேண்டும். வீட்டுக்குச் செலவழிக்கும் காசு யார் கைக்குப் போகிறது என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி. மண்சுவரில் செலவின் பெரும்பங்கு ஊர்க் கூலிக்குப் போகும். உருக்கிலும் சீமெந்திலும் பெரும்பங்கு கம்பனிக்குப் போகும்.

சீமெந்து கூடாது என்று சொல்ல வரவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தால் நிற்கும் வரை எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பது தெரியும். ஆனால் அதற்காகச் சுண்ணக்கல் தோண்டிய பள்ளங்களும் தெரியும். யாழ்ப்பாணத்தின் குடிதண்ணீர் அந்தச் சுண்ணக்கல்லுக்குள்தான் இருக்கிறது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 வீதம் சீமெந்து உற்பத்தியால் வருகிறது என்பதும் இப்போது தெரிந்த கணக்கு.

இனி எங்களைப் பற்றியும் பேச வேண்டும். லாச்சப்பலில் இரவு பகலாக உழைத்த காசில் ஊரில் மாடி வீடு எழும்புகிறது. பளிங்குத் தரை, சுற்றுமதில், இரும்புக் கேற். வருசத்தில் மூன்று கிழமை ஆள் இருக்கும். மிச்ச நாள் பூட்டு. பக்கத்துக் காணியில் கிளுவை வேலியும் பூவரசும் போய்க் கொங்கிறீற் மதில் வந்துவிட்டது. பூவரசு போனதால் தோட்டத்துக்குத் தாழ்க்கக் குழையும் இல்லை. ஒரு வேலி வெட்டுப்படும்போது ஆட்டுக்குத் தீன், தோட்டத்துக்குப் பசளை, ஒழுங்கைக்கு நிழல் மூன்றும் வெட்டுப்படுகின்றன. இதை எங்கள் தாத்தாமார் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள்.

மண்வீட்டை ஏன் விட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அது வசதியில்லாதவரின் வீடு என்ற பெயர் எடுத்திருந்தது. கலியாணம் பேச வருபவர் முதலில் சுவரைத்தான் பார்த்தார். வருசா வருசம் மெழுகியதும் கிடுகு பின்னியதும் பெண்கள். மாரியில் ஒழுகும், கறையான் ஏறும், ஓலைக்குள் பாம்பு வரும். கடிதம் எழுதிய சகோதரியின் கோபத்துக்குள் இத்தனையும் இருக்கின்றன. அவருடைய தாயின் முதுகு நோவும் அதற்குள் இருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் இன்றைய மண்வீடு அன்றைய மண்வீடு அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் 1968இல் தொடங்கிய ஓரோவில்லில், 1989இலிருந்து மண் கட்டடக் கலைக்கென்று ஒரு நிறுவனம் இயங்கி வந்திருக்கிறது. அதை உருவாக்கி நடத்தியவர் சத்பிரேம் மைனி என்ற பிரெஞ்சுக்காரர். அங்கே மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சீமெந்து கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கல் ஆக்குகிறார்கள். சூளையும் இல்லை, அதற்கு விறகும் இல்லை. அந்தக் கல்லால் மாடி வீடுகளே எழும்பியிருக்கின்றன. பல நாடுகளிலிருந்து ஆட்கள் போய்ப் படித்திருக்கிறார்கள். இலங்கையிலும் இப்படி அழுத்திய மண்கல்லுக்கு 2009இல் அரச தரநிர்ணயம் வந்துவிட்டது. ஊரில் வீடு கட்ட இருப்பவர்கள் தங்கள் பொறியியலாளரிடம் இதைப் பற்றி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முழு வீடும் வேண்டாம். ஒரு மதில், ஒரு குசினி, ஒரு விறாந்தை என்று தொடங்கலாம்.

எங்கள் வாசலிலேயே

இந்தக் கல்வியைத் தேடி மிகத் தூரம் போகவும் தேவையில்லை. கிறெனோபிள் நகரில் 1979இல் உருவான கிராத்தேர் என்ற அமைப்பு உலகம் முழுவதற்கும் மண் கட்டடக்காரரைப் பயிற்றியிருக்கிறது. லியோனுக்கும் கிறெனோபிளுக்கும் இடையில் வில்பொந்தேன் என்ற ஊரில் 1985இல் 65 வீடுகளை மண்ணால் கட்டித் திறந்தார்கள். பணக்காரர்களின் மாளிகைகள் என்று நினைக்காதீர்கள். அவை நாங்கள் விண்ணப்பம் போட்டு வருசக்கணக்கில் காத்திருக்கிறோமே, அதே எச்.எல்.எம். வீடுகள்.

லாச்சப்பலில் சாமான் வாங்கப் போகிறவர்கள் ஒரு நாள் அப்படியே 19ஆம் வட்டாரத்துக்கு நடந்து, லூர்க் தெருவில் பழைய ரயில் பாதையோரம் 2019இல் திறந்த "ரயில் பண்ணை"யைப் பார்த்து வாருங்கள். மரச்சட்டமும் வைக்கோலும் வைத்துக் கட்டியது. வீடில்லாமல் தவித்தவர்களுக்கு 15 அறைகளும், தோட்டக்கலை மாணவருக்கு ஐந்தும் என்று திட்டமிட்டார்கள். தங்குபவர்களே மரக்கறி பயிரிடுவது என்பது அதன் யோசனை. வில்லியே லே பெல்லுக்குப் பக்கத்தில் செவ்ரோனில், மெத்ரோ சுரங்கம் தோண்டியெடுத்த மண்ணைக் கட்டடக் கல்லாக்கவென்று 2021இல் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். கழிவென்று கொட்டிய மண் சுவராக மாறியது.

அதைவிடக் கிட்டவும் ஒன்று இருக்கிறது. டி வரிசை ரயிலில் வரும்போது எங்கள் ஸ்ரேசன் பலகையில் கோனெஸ் என்ற பெயரையும் தினமும் வாசிக்கிறோம். பழைய காலத்தில் பாரிசுக்குப் பாண் போட்ட ஊர் அது. கோனெஸ் பாண் என்றால் அவ்வளவு பிரசித்தம். பிரான்சின் நல்ல கோதுமை நிலங்களில் ஒன்று எங்கள் வாசலில் கிடக்கிறது. அந்த வயல்வெளியில் ஏறக்குறைய 80 ஹெக்டேயரில் யூரோப்பாசிற்றி என்ற பெரிய கடைத்தொகுதி கட்டவிருந்தார்கள். ஊர் ஆட்களும் விவசாயிகளும் பல வருசம் எதிர்த்து நின்று, 2019 நவம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. அந்தக் கூட்டங்களில் எங்கள் முகங்கள் எத்தனை இருந்தன என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கலாம். நிலம் பறிபோவது என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள்.

இன்னொரு வழி குடும்பத் தோட்டங்கள். 1896இல் லெமீர் என்ற பாதிரியார் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு துண்டு தோட்ட நிலம் வேண்டும் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்குப் பல நகரசபைகள் வைத்திருக்கும் குடும்பத் தோட்டம். உங்கள் நகரசபையில் கேளுங்கள், பெயரைப் பதிந்து வையுங்கள். வரிசை நீளமாக இருக்கும், ஆனாலும் பதிந்தால்தான் முறை வரும். இளவேனில் கழிந்து வெயில் ஏறினால் முளைக்கீரையும் வரும், பயற்றங்காயும் வரும். வேலை தேடுபவர்கள் "கொக்காஞ் தோட்டம்" என்ற அமைப்பையும் விசாரியுங்கள். 1991இல் பெசான்சோன் நகருக்குப் பக்கத்தில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. வேலை கிடைக்காமல் இருப்பவர்களைச் சம்பளத்துக்கு எடுத்து, இரசாயனம் இல்லாமல் மரக்கறி செய்யப் பழக்குவார்கள்.

சகோதரிக்குச் சில வார்த்தைகள்

மகனை அனுப்புவதானால் முதலில் சில விசயங்களை விசாரியுங்கள். பண்ணையை நடத்துபவர்கள் பதிவான சங்கமா? விபத்துக் காப்புறுதி இருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிப்பிக்கிறார்கள், எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறார்கள்? படுக்கை, சாப்பாடு எப்படி? முன்னர் போய் வந்த ஒருவரோடு ரெலிபோனில் பேசலாமா? நல்ல பண்ணை இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்காது. கட்டணம் கட்ட வசதியில்லை என்றால், வேலைக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தரும் வூஃப் என்ற முறை இருக்கிறது. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கி இங்கேயும் நடக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை, வேறு வாசகர்களுக்காக. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் விடுதியில் தங்கியிருப்பவர்கள், அங்கே சொல்லி அனுமதி பெறாமல் இப்படி எங்கும் பல நாள் போய்த் தங்காதீர்கள். இடமும் மாதக் காசும் பறிபோகலாம். முதலில் உங்கள் சமூக உதவியாளரிடம் கேளுங்கள்.

அடுத்தது, சகோதரி, மகன் புறப்படுமுன் அவனை அம்மம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருத்துங்கள். எந்த மண் எடுத்தோம், எத்தனை நாள் புளிக்க விட்டோம், கப்புக்கு எந்த மரம், மெழுக்குக்குச் சாணியோடு என்ன சேர்த்தோம் என்று கேட்டு எழுதட்டும். பண்ணைக்குப் போனால் அங்கே அவன் வெறுங்கையோடு நிற்க மாட்டான். "எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்" என்று சொல்ல ஒரு விசயம் இருக்கும். இந்த நாட்டில் எங்களிடம் எப்போதும் பத்திரம் கேட்கிறார்கள், பிறந்த சான்றிதழ் கேட்கிறார்கள், மொழிச் சோதனை கேட்கிறார்கள். என்ன தெரியும் என்று கேட்பவர்கள் குறைவு. தெரிந்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தால் அது சின்ன விசயம் அல்ல.

உங்கள் அம்மா மண் மிதித்தது வறுமையால். உங்கள் மகன் மிதிக்கப் போவது விருப்பத்தால். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அம்மா வறுமையில் கற்ற கைவேலை அவரோடு போய்விடாமல் ஒரு பேரப்பிள்ளையின் கையில் மிஞ்சினால், அவர் பட்ட பாட்டுக்கு ஒரு மரியாதை கிடைக்கும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பார். மண்சுவர் வைத்தது, கிடுகு வேய்ந்தது, துலாக் கட்டியது, கிணறு கட்டியது, பட்டி அடைத்தது, குழை தாழ்த்தது என்று அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் பெயரையும், அங்கே அந்தப் பொருளுக்கு வழங்கிய சொல்லையும் மறக்காமல் குறியுங்கள். காந்தியப் பண்ணைகளில் வாழ்ந்தவர்களோ தொண்டு செய்தவர்களோ இந்த நாட்டில் இருந்தால் அவர்களும் எழுத வேண்டும். வருவதை ஒவ்வொரு மாதமும் இந்தப் பகுதியில் போடுவோம்.

அடுத்த மாதம் வேலியைப் பற்றிப் பேசுவோம். அதுவரை வணக்கம்.